சேலத்திலிருந்து ட்ராக் டேவுக்கு: எந்தக் கார், என்ன தயாரிப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பட்டறை இருக்கிறது, லேத் இருக்கிறது, செத்த லாரிக்கு உயிர் கொடுக்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், பக்கத்திலேயே சேர்வராயன் மலையும் இருக்கிறது. காரை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கத்தான் இடமில்லை. அதற்கு ஒன்று கோயம்புத்தூர் போக வேண்டும், இல்லை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போக வேண்டும். சில வருடங்களாக ஒரு பழைய ஸ்விஃப்டில் நான் அப்படிப் போய் வருகிறேன். விஷயம் வெளியே தெரிந்ததில் இருந்து அஸ்தம்பட்டி டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் கேள்விகள் வருகின்றன. அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். இனிமேலாவது சாம்பார் ஆறுவதற்குள் சாப்பிடலாம் என்ற சுயநலமும் உண்டு.

ட்ராக் டே என்றால் ரேஸா?

இல்லை. பரிசு கிடையாது, முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. சொந்தக் காரில், டிரைவிங் லைசென்ஸும் ஹெல்மெட்டும் வைத்துக்கொண்டு, ஒரு நாளில் நாலைந்து தடவை, தடவைக்குப் பதினைந்து இருபது நிமிடம் ட்ராக்கில் ஓட்டலாம். அந்த ஒவ்வொரு தடவையையும் செஷன் என்பார்கள். முந்துவது நேர்ப்பாதையில் மட்டும்தான்; அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டி வழி விட்ட பிறகு. ரேஸ் ஓட்டுவதற்கு எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்கிற தேசியக் கூட்டமைப்பின் போட்டி லைசென்ஸ் வேண்டும், அதற்கென்று கட்டிய வண்டி வேண்டும். அது வேறு கணக்கு, வேறு கடன்.

அவ்வளவு தூரம் எதற்கு? ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே?

இதைக் கேட்காத ஆள் இல்லை. அடிவாரத்தில் ஏறும்போது கை துறுதுறுக்கத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ரோட்டில் எதிரே அரசு பஸ் வரும். வளைவில் பஸ் திரும்ப முழு ரோடும் வேண்டும், அது அதன் உரிமை. எஸ்டேட் வேலைக்கு நடந்து போகிறவர்கள் இருப்பார்கள். குரங்கு உட்கார்ந்திருக்கும். மேலே போகப் போக மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ட்ராக்கில் வண்டி கையை மீறினால் மண்ணில் போய் நிற்கும். இங்கே ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம்.

சட்டமும் சும்மா விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவுப்படி பொது இடத்தில் ரேஸ் விட்டாலோ வேகப் பரீட்சை செய்தாலோ முதல் தடவைக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஒரு வருடம் வரை, 10,000 ரூபாய் வரை.

ஆனாலும் ஏற்காடு ரோட்டில் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. அது வேகம் இல்லை. அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு மேலே போங்கள். மலை ஏறினால் குமட்டும் என்று கையில் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா, அந்தப் பழத்தை மூக்கருகே கொண்டுபோகாமல் அவர் மேலே வந்து சேர்ந்தால் உங்களுக்கு ஸ்டியரிங்கும் பிரேக்கும் நிதானமாகக் கைவந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிதானம் ட்ராக்கில் அப்படியே உதவும். குலுக்கி ஓட்டுகிறவன் எந்த ட்ராக்கிலும் வேகமாகப் போனதில்லை.

சேலத்துக்குக் கிட்டத்தில் எந்த ட்ராக்?

கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேதான் நமக்குப் பக்கம். 2003இல் வந்தது, நீளம் ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர். கரிவரதன் என்ற கோவைக்காரரின் பெயர் அது. மாருதி எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் ஒற்றை சீட் ரேஸ் கார்கள் கட்டியவர். 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைதான். அந்த ஊருக்கு இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் கரிவரதன் பெயர் வராமல் போகாது.

இங்கிருந்து சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி வழியாக நீலாம்பூரில் பைபாஸ் பிடித்தால் மூன்று மணி நேரம் சொச்சம். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் வைகுந்தம், விஜயமங்கலம் போன்ற டோல்கேட்டுகளில் கூட்டம் இருக்காது.

இன்னொன்று இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி. எம்.எம்.ஆர்.டி. என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். 1990இல் திறந்தது, 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். அதற்கு முன்னால் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில்தான் மெட்ராஸ் ரேஸ் நடக்கும். கரியைவிட இங்கே வேகம் அதிகம். அதனாலேயே முதல் தடவைக்குக் கரிதான் என் சிபாரிசு. சின்ன ட்ராக், வேகம் குறைவு, தப்புக்கு விலையும் குறைவு.

சரி, எந்தக் கார் வாங்குவது?

தொலைந்து போனால் அழாமல் வீட்டுக்குத் திரும்பக்கூடிய கார். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஈ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருக்கும் காரை ட்ராக்குக்குக் கொண்டு போகிறவர்கள் ஒவ்வொரு வளைவிலும் வங்கி மேனேஜர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். எதுவும் கற்றுக்கொள்ள முடியாது.

அப்புறம், எடை குறைவான கார். எடை குறைந்தால் பிரேக்குக்கு வேலை குறையும், டயர் தேய்மானம் குறையும், வளைவில் வண்டி சொன்ன பேச்சு கேட்கும். 2018இல் வந்த ஸ்விஃப்ட் பெட்ரோல் 900 கிலோவுக்கும் கீழே. சக்தி 83 குதிரைதான். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மூன்றாவது தகுதி, மேனுவல் கியர். நான்காவது, சேலத்திலேயே பார்ட்ஸ் கிடைக்க வேண்டும். பிரேக் டிஸ்க் விரிசல் விட்டால் மறுநாள் காலையில் கடையில் போய்க் கேட்டு வாங்கி வரும்படி இருக்க வேண்டும். அது சென்னையில் இருந்து வர வேண்டும், அங்கேயும் புனேவில் இருந்து வர வேண்டும் என்றால் உங்கள் ட்ராக் கார் வருடத்தில் பாதி நாள் தார்ப்பாய்க்குள்தான் தூங்கும்.

ஸ்விஃப்டைத் தாண்டி ஆசைப்பட்டால் பலேனோ ஆர்எஸ் பாருங்கள், 1.0 லிட்டர் டர்போ. போலோ 1.0 டிஎஸ்ஐ, 110 குதிரை, ஆறு கியர் மேனுவல். 2022இல் உற்பத்தி நின்றுவிட்டாலும் ஓட்டுகிறவர்கள் நிறைய. ஐ20 என் லைன், 120 குதிரை. அபார்த் புன்டோ என்று ஒரு ராட்சசன் உண்டு, 1.4 லிட்டர் டர்போவில் 145 குதிரை. நல்லதாக மாட்டினால் யோகம். ஆனால் அதை விற்ற ஃபியட் கம்பெனி இங்கே விற்பனையை நிறுத்திவிட்டது, பார்ட்ஸ் தேடும் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும். ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பற்றி ஓட்டியவர்கள் கோயில் பிரசாதம் மாதிரி பேசுவார்கள். அதற்கும் அதே எச்சரிக்கைதான்.

டர்போ வண்டிகளுக்கு ஒரு குணம் உண்டு. மே மாத வெயிலில் மூன்றாவது நான்காவது ரவுண்டில் எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் சூடாகிவிட்டால் காலையில் இருந்த இழுவை மதியம் இருக்காது. டர்போ இல்லாத சாதா எஞ்சினும் வெயிலில் கொஞ்சம் சோரும்தான், ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

நிஜமான ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வசதி இருக்கிறது. வாங்கலாமா?

தாராளமாக. போர்ஷே கேமன், பிஎம்டபிள்யூ எம்2, மினி கூப்பர் எஸ், ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் எல்லாம் அருமையான வண்டிகள். ஆனால் முதல் ஒரு வருடம் ஸ்விஃப்டில் ஓட்டிவிட்டு அப்புறம் அதில் ஏறுங்கள். 230 குதிரை விஆர்எஸ்ஸில் வளைவில் செய்த தப்பை நேர்ப்பாதையில் எஞ்சின் மறைத்துவிடும். 83 குதிரை எதையும் மறைக்காது. வளைவை விட்டு வெளியே வரும்போது ஐந்து கிலோமீட்டர் வேகத்தைத் தொலைத்தால் அடுத்த நேர்ப்பாதை முழுக்க அதற்கு வட்டி கட்ட வேண்டும். அதனால்தான் சின்ன வண்டியில் கற்றவர்கள் பெரிய வண்டியில் நன்றாக ஓட்டுகிறார்கள். ஆரம்பமே பெரிய வண்டி என்றால் பிரேக் பேடுக்கும் டயருக்கும் கொட்டிக்கொடுப்பதோடு சரி.

செகண்ட் ஹேண்ட் எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வழக்கமாகப் பார்ப்பதையெல்லாம் பாருங்கள். அதோடு பானெட்டைத் திறந்து ஃபென்டர் போல்ட்டுகளைப் பாருங்கள். ஸ்பானர் பட்டு பெயிண்ட் பெயர்ந்திருந்தால் டிங்கர் வேலை நடந்திருக்கிறது. டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு தரைத் தகட்டைக் கையால் தடவுங்கள். சுருக்கம் இருந்தால் பின்னால் யாரோ முட்டியிருக்கிறார்கள். முன் இரண்டு டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும். சீட், மியூசிக் சிஸ்டம், பெயிண்டில் கீறல் இதற்கெல்லாம் பேரம் பேசி விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள், நமக்கு அவை முக்கியமில்லை. கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு கையில் இருக்கட்டும்; பிரேக்கும் டயரும் அதைச் சாப்பிடும்.

முதலில் எதற்குச் செலவு செய்வது?

பிரேக். இரண்டாவதாகவும் பிரேக். என்னுடைய மெக்கானிக் அண்ணன் லாரிப் பட்டறையில் வளர்ந்தவர். நான் ஏர் ஃபில்டர் மாற்றலாமா என்று கேட்ட அன்றைக்குச் சொன்னார்: "தம்பி, ஓட்றதுக்கு கம்பெனிக்காரனே போதுமானதைக் குடுத்துட்டான். நிக்கிறதுக்குத்தான் நீ குடுக்கணும்."

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். ஆளோடு சேர்த்து 1,000 கிலோ உள்ள கார் 140 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து 60க்குக் குறைகிறது என்றால் பிரேக் ஏறத்தாழ 6 லட்சம் ஜூல் சக்தியைச் சூடாக மாற்றுகிறது. அந்தச் சூட்டில் இரண்டு லிட்டர் தண்ணீர் கொதித்துவிடும். ஒரு தடவை பிரேக் பிடித்ததற்கு இரண்டு லிட்டர். ஒரு ரவுண்டில் எத்தனை தடவை, பதினைந்து நிமிடத்தில் எத்தனை ரவுண்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதில் பெரும்பங்கு முன் டிஸ்க் இரண்டின் தலையில்தான் விழுகிறது.

ஏற்காட்டில் இருந்து இறங்கும்போது முன்னால் போகிற டூரிஸ்ட் வேனில் இருந்து கருகல் வாடை வருமே, அது பேட் சூடானதால் வருகிற வாடை. அந்த நிலையில் பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. இதற்கு மருந்து அதிகச் சூடு தாங்கும் பேட்.

இன்னொரு வகை இதைவிட மோசம். பெடலே கீழே போய்விடும். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டின்னில் டாட் 3, டாட் 4 என்று தரம் போட்டிருக்கும். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260. ஈரம் ஏறிய டாட் 4 வெறும் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் ஆவி, ஆவியை அமுக்கினால் அமுங்கும், பெடல் தரையைத் தொடும்.

எனக்கு அது நடந்தது. கரியில் என் முதல் நாள், இரண்டாவது செஷன், நாலாவது ரவுண்டு. நேர்ப்பாதை முடியும் இடத்தில் காலை வைத்தேன், பெடல் ஊறின பஞ்சு மாதிரி இறங்கியது. எடுத்து மறுபடி மிதித்தேன், பாதி பிடித்தது. வண்டி ட்ராக்கை விட்டு மண்ணில் இறங்கிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றது. எனக்கும் வண்டிக்கும் ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் ரொம்ப நேரம் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் சேலத்தில் ஒரு சர்வீஸ் இடத்தில் "பிரேக் ஆயில் மாத்தியாச்சு சார்" என்று பில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். திரும்பி வந்து அண்ணன் பட்டறையில் சக்கரத்துப் பிரேக்கில் ஆயிலை வெளியே விடுகிற சின்னத் திருகான நிப்பிளைத் திறந்தால் வந்தது நல்ல ஸ்ட்ராங் டீ நிறத்தில் இருந்தது. புது ஆயில் தேன் கலந்த தண்ணீர் மாதிரி வெளுப்பாக இருக்க வேண்டும். மேலே இருக்கும் டப்பாவில் இருந்ததை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றியிருக்கிறார்கள்.

அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த வேலை என் கண்ணெதிரே நடக்க வேண்டும் என்று. செய்முறை கஷ்டமில்லை, இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே பெடலில், ஒருவர் சக்கரத்தடியில். நிப்பிளில் ஒரு டியூப்பை மாட்டி மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலுக்குள் விட வேண்டும். கீழே இருப்பவர் "அமுக்குங்க" என்பார். அமுக்கிப் பிடித்ததும் நிப்பிளைத் திறப்பார். குமிழும் கறுப்பும் டியூப்பில் ஓடும். நிப்பிளை மூடிய பிறகுதான் "ம், விடுங்க" வரும். அதற்கு முன்னால் காலை எடுத்துவிட்டால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். நம் ஊர் வலதுபக்க ஸ்டியரிங் கார்களில் பொதுவாக இடது பின் சக்கரத்தில் ஆரம்பித்து, வலது பின், இடது முன், வலது முன் என்று வருவோம். உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதுதான் சரி. டப்பாவில் ஆயில் வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபென்டரில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயிண்டைத் தின்றுவிடும். டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிக்கான். நம் வண்டிக்கு ஆகாது, மற்றவற்றோடு கலக்கவும் கூடாது.

ட்ராக் டேவுக்கு முந்தின வாரம் புது டாட் 4 அல்லது 5.1, கொஞ்சம் நல்ல முன் பேட். முதல் வருடத்துக்குப் பிரேக்கில் இவ்வளவு போதும். பெரிய டிஸ்க், சிவப்புக் காலிபர் எல்லாம் கல்யாணக் காருக்கு.

டயர்?

டயர் ஓரத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஐந்து வருடம் தாண்டிய டயரை நான் ட்ராக்குக்குக் கொண்டு போகமாட்டேன், ரப்பர் இறுகியிருக்கும். ட்ரெட்வேர் என்று ஒரு எண்ணும் போட்டிருப்பார்கள். எண் குறையக் குறையப் பிடிப்பு அதிகம், ஆயுள் கம்மி. முதல் இரண்டு மூன்று தடவைக்கு வண்டியோடு வந்த டயரே போதும். பிடிப்பு குறைந்த டயர் கீச்சிட்டு முன்கூட்டியே சொல்லும். விலையுயர்ந்த டயர் கடைசி வரைக்கும் வாயைத் திறக்காது, விட்டால் ஒரேயடியாக விடும்.

காற்று அழுத்தத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. டயர் ஐந்தாறு டிகிரி சூடானால் அழுத்தம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. ஏறும். காலையில் 33 வைத்துக்கொண்டு போனால் செஷன் முடிவில் 38, 39 காட்டும். வண்டி பலூன் மேல் போகிற மாதிரி வழுக்கும். நான் குளிர்ந்த நிலையில் 29, 30இல் ஆரம்பித்து, சூடானதும் 35 தாண்டாதபடி இறக்கிக்கொள்வேன். எவ்வளவு சரி என்று தெரிய ஒரு பள்ளிக்கூட வழி உண்டு. டயர் ஓரம் வளைந்து இறங்கும் இடத்தில் சாக்பீஸால் நாலைந்து கோடு போடுங்கள். ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு விளிம்பு வரை மட்டும் அழிந்திருந்தால் சரி. பக்கச்சுவர் வரைக்கும் அழிந்திருந்தால் காற்று போதாது, டயர் மடிகிறது. வீட்டுக்குக் கிளம்பும் முன் பழைய அளவுக்கு மறுபடி அடித்துக்கொள்ளுங்கள். இதை மறந்து பெருந்துறை வரைக்கும் வந்தவன் நான்.

எஞ்சினை ரீமேப் செய்யலாமா, அதாவது அதன் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றலாமா? சைலன்ஸர் மாற்றலாமா?

வேண்டாம். சைலன்ஸர் மாற்றினால் சத்தம் கூடும், போலீஸும் நிறுத்துவார்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு ட்ராக் டே போகலாம்.

ஆயில், கூலன்ட் பற்றி?

ஆயிலைப் புதிதாக மாற்றி, டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரைக்கும் நிரப்புங்கள். நீளமான வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும்; அளவு குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் போய்விடும். ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். கூலன்ட் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. ரேடியேட்டருக்கு முன்னால் பூச்சி, இலை, பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தால் முந்தின நாளே கழுவிவிடுங்கள்.

சஸ்பென்ஷன் தாழ்த்தினால் நல்லதா?

ஸ்ப்ரிங்கை அறுத்துத் தாழ்த்துகிற பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அப்படிச் செய்த வண்டி வளைவு நடுவில் ஒரு மேடு வந்தால் துள்ளி வெளியே போகும். தேய்ந்த புஷ், லிங்க் ராட், ஷாக் அப்சார்பர் இவற்றைக் கம்பெனிப் பொருளிலேயே புதிதாக மாற்றுங்கள். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு அதுவே பெரிய மாற்றம். அலைன்மென்ட்டில் கேம்பர் போல்ட் போட்டு முன் சக்கரங்களின் மேல்பக்கம் ஒரு டிகிரி உள்ளே சாய்ந்தால் டயரின் வெளி ஓரம் பிழைக்கும்.

ஹெல்மெட், உடை?

முழு முகம் மூடும் ஹெல்மெட். கார் ரேஸுக்கென்று வரும் ஸ்னெல் எஸ்.ஏ. வகையில் உள்துணி தீப்பிடிக்காதது. பைக் ஹெல்மெட்டில் அது கிடையாது. நிறைய ட்ராக் டேக்களில் பைக் ஹெல்மெட்டை ஏற்றுக்கொள்கிறார்கள், ஆரம்பத்தில் அது போதும். முழுக்கைப் பருத்திச் சட்டை, முழு பேன்ட், தட்டையான மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ. செருப்போடு வந்து திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சீட்டில் முதுகு ஒட்டி உட்கார்ந்து கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். பிரேக்கை முழுசாக மிதித்த நிலையிலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும்.

விபத்து ஆனால் இன்சூரன்ஸ் வருமா?

வராது என்று வைத்துக்கொண்டே போங்கள். நம் ஊர் வாகன பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி இருக்கும். பந்தயம், வேகப் பரீட்சை போன்றவற்றுக்குப் பாதுகாப்பு கிடையாது என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கும். "அது ரேஸ் இல்லைங்க, ட்ராக் டே" என்று சர்வேயரிடம் வாதாடலாம், நான் பணம் கட்டிப் பார்க்கத் தயாரில்லை. தொலைந்து போனால் அழாத கார் என்று ஆரம்பத்தில் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

முந்தின நாள் என்ன செய்ய வேண்டும்?

வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் அடித்து விடுகிறார்களே, அதை நம்ப வேண்டாம். அதிகம் முறுக்கினால் ஸ்டட் நீண்டு பலமிழக்கும். ட்ராக்கில் முதல் செஷன் முடிந்து ஆறினதும் ஒருமுறை மறுபடி பாருங்கள்.

அப்புறம் காரைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்டெப்னி, குடை, தண்ணீர் பாட்டில், குழந்தையின் பம்பரம், டிரைவர் பக்க மேட், எல்லாம் வெளியே. பிரேக் பெடலுக்கு அடியில் ஒரு பாட்டில் உருண்டு வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டேஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாரையும் கும்பிட்டுவிட்டு எடுத்துப் பையில் வைத்துவிடுங்கள். ஒட்டுப்பசை எப்போது விடும் என்று அவருக்கே தெரியாது. ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் சேலத்திலேயே விட்டுவிடாதீர்கள், ட்ராக்கில் இறக்கி வைத்தால் போதும்.

எடுத்துப் போக வேண்டியவை: காற்று அளவி, டார்க் ரெஞ்ச், ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில், பிரிக்காத பிரேக் ஆயில் டின், பழைய துணி, சாக்பீஸ், ஐந்து லிட்டர் தண்ணீர், தொப்பி. கூடவே இரண்டு தட்டுவடை செட் கட்டிக்கொண்டு போனால் கோயம்புத்தூர்காரர்களும் சிநேகமாகிவிடுவார்கள். ஊறிப்போகாமல் இருக்கத் தட்டை தனி, காய் தனி, சட்னி தனியாகக் கட்டச் சொல்லுங்கள்.

ட்ராக்கில் எப்படி ஓட்டுவது?

காலை விளக்கக் கூட்டத்தைத் தவற விடாதீர்கள். கொடிகளை அங்கேதான் சொல்வார்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே. நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது. சிவப்பு என்றால் செஷன் நின்றுவிட்டது, மெதுவாகப் பிட்டுக்கு, அதாவது வண்டிகளை நிறுத்தும் இடத்துக்கு, வா. கறுப்பைக் காட்டினால் உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். கட்டம் போட்டது முடிந்தது என்று அர்த்தம்.

முதல் செஷனில் முக்கால் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். பிரேக்கை வண்டி நேராக இருக்கும்போதே முடித்துவிட்டு அப்புறம் திருப்புங்கள். கண் பானெட்டைப் பார்க்கக் கூடாது, வளைவு முடிந்து வண்டி போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைப் பட்டென்று விட்டால் முன்சக்கர இழுவை வண்டியின் பின்பக்கம் வீசிவிடும். அந்தப் பயம் வந்தால் அடுத்த ரவுண்டில் பத்து கிலோமீட்டர் குறைத்து நுழையுங்கள்.

கடைசி ரவுண்டைப் பிரேக்கே தொடாமல் மெதுவாக ஓட்டி டிஸ்க்கை ஆறவிட வேண்டும். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள், சூட்டில் பேட் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுவிட்டு, சங்ககிரி லாரிக்காரர்கள் செய்வது போல் சக்கரத்துக்கு ஒரு கட்டை முட்டுக் கொடுங்கள்.

அதே காரில் திரும்பி வந்து, திங்கட்கிழமை வேலைக்கும் போகலாமா?

போகலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். ட்ராக்கில் இருந்து உடனே கிளம்ப வேண்டாம். நாள் முழுக்க 130இல் போய்விட்டு ஹைவேயில் ஏறினால் 90 என்பது நடப்பது மாதிரி இருக்கும், கால் தானாக அமுக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, பேட் கனத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அடுத்த தடவைக்குப் புதுசு வாங்க வேண்டும். சூடு தாங்கும் பேட் குளிர்ந்த நிலையில் கொஞ்சம் கத்தும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். போன திங்கட்கிழமை ஐந்து ரோட்டு சிக்னலில் என் வண்டி கீச்சென்று நின்றதும் பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். பின்சீட்டில் ஸ்கூல் பையோடு இருந்த மகள் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, நாளைக்கு ஸ்கூல் வேன்லயே போயிடட்டுமா?"